சட்டமன்ற உறுப்பினரின் பணிக்குறிப்பை எழுதுவது எப்படி: வடசென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவாசிகள் சிலர் சேர்ந்து, எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்கள் செய்த பணிகளை ஒரு குறிப்பேட்டில் தொகுத்து வருகிறோம். அதைப் பார்த்த திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை நண்பர்கள், தங்கள் தொகுதிக்கும் இப்படி ஒன்று எழுத வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். ஒரு பணியை யார் பரிந்துரைத்தார், அது எந்த நிதியில் நடந்தது, எந்த நாளில் முடிந்தது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை உள்ள பதிவையே நான் பணிக்குறிப்பு என்கிறேன். இந்த நான்கும் இல்லாமல் எழுதப்படும் பாராட்டும் சரி, குறையும் சரி, அடுத்த தேர்தல் வரைகூடத் தாங்குவதில்லை என்பது எங்கள் அனுபவம்.

முதலில் எல்லையை உறுதி செய்துகொள்ளுங்கள். வடசென்னை நாடாளுமன்றத் தொகுதிக்குள் திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் (ஆர்.கே. நகர்), பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், இராயபுரம் ஆகிய 6 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன. மாநகராட்சியின் மண்டலங்களுக்கும் இதே பெயர்களில் சில இருப்பதால் குழப்பம் எளிதில் நேர்ந்துவிடும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் எல்லையும் சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையும் ஒன்றல்ல. ஒரே தெருவின் வலப்பக்கம் ஒரு தொகுதியிலும் இடப்பக்கம் இன்னொன்றிலும் இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். எனவே வாக்காளர் பட்டியலின் பாக எண்களை வைத்துத் தெருக்களைக் குறித்துக்கொள்வதே பாதுகாப்பானது. பழைய காலத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல் 2011 ஆம் ஆண்டுத் தேர்தலாகும். கொளத்தூர் அப்போதுதான் தொகுதியாகத் தன் முதல் தேர்தலைச் சந்தித்தது. 2011 க்கு முந்தைய இராயபுரமும் இன்றைய இராயபுரமும் பெயரால் ஒன்றானாலும் நிலப்பரப்பால் ஒன்றல்ல.

அடுத்து, எது யார் வேலை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெருச்சாலை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1978 இல் அமைக்கப்பட்ட குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. அடுக்குமாடிக் குடியிருப்புகள், 1970 இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021 இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய வாரியத்துக்கு உரியவை. பட்டாவும் முதியோர் உதவித்தொகையும் வருவாய்த் துறை வழியாக வருகின்றன. ரயில்வே கேட்டில் மேம்பாலம் வேண்டுமென்றால் மத்திய அரசின் ரயில்வேயும் உள்ளே வருகிறது. சட்டமன்ற உறுப்பினர் இவற்றுள் எதற்கும் அதிகாரி அல்லர். அவர் கேட்கலாம், வற்புறுத்தலாம், அவையில் எழுப்பலாம், தம் தொகுதி நிதியிலிருந்து பரிந்துரைக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால், கவுன்சிலரின் பாராட்டை எம்.எல்.ஏ.வுக்கும், வாரியத்தின் குறையை எம்.எல்.ஏ.வின் தலையிலும் ஏற்றிவிடுவோம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் நீட்டிப்பைச் சிலர் தனியொரு உறுப்பினரின் சாதனையாக எழுதிப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தின் பணி அது. உறுப்பினர் அதற்காக அவையில் பேசியிருந்தால் அந்தப் பேச்சைத் தேதியோடு எழுதலாம், ரயிலை அவர் கணக்கில் எழுத முடியாது. 2023 வரவு செலவுத் திட்டத்தில் 3 ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தும்.

பதவிக்கு வருமுன் இருந்த வாழ்க்கை

உறுப்பினரின் பொதுவாழ்வு வேட்புமனுவோடு தொடங்குவதில்லை, ஆனால் எழுதுகிறவருக்கு வேட்புமனுவே நல்ல தொடக்கம். வேட்பாளர் ஒவ்வொருவரும் படிவம் 26 இல் தாக்கல் செய்யும் உறுதிமொழிப் பத்திரத்தில் கல்வி, தொழில், அசையும் அசையாச் சொத்துகள், கடன், நிலுவையிலுள்ள வழக்குகள் ஆகியவை இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அது யாருக்கும் கிடைக்கும். ஒருவர் இரண்டு மூன்று முறை போட்டியிட்டிருந்தால் எல்லாப் பத்திரங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். வழக்குகளைக் குறிக்கும்போது "நிலுவையில் உள்ளது" என்பதையும் "தண்டனை விதிக்கப்பட்டது" என்பதையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. மறியலில் கைதானதும் வழக்காகத்தான் பதிவாகியிருக்கும் என்பதால், எந்தச் சட்டப்பிரிவு, எந்த நிகழ்வு என்று பார்த்து எழுதுவது நேர்மை.

வடசென்னையில் இந்த முன்வாழ்க்கைக்குத் தனி மதிப்பு உண்டு. 1952 தேர்தலில் வண்ணாரப்பேட்டை தேர்ந்தெடுத்த ப. ஜீவானந்தம், அதற்கு முன்பே தொழிலாளர் நடுவே பல ஆண்டுகள் உழைத்தவர். அதே தேர்தலில் சூளை தேர்ந்தெடுத்த எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை, 1918 இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அவர் 1957 இல் வடசென்னையிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் சென்றார். அவர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது ஆலை வாசலில் அவர்கள் செய்த பணி. இன்றைய உறுப்பினர் ஒருவர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலோ, துறைமுகத் தொழிற்சங்கத்திலோ, மாநகராட்சி வார்டிலோ இருந்து வந்தவர் என்றால் அந்த ஆண்டுகளுக்குக் குறைந்தது இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். அந்தக் காலத்துத் தோழர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களைக் கேட்டு எழுதிவிட வேண்டும்.

அவையில் பேசியவை

பலர் தொடாமல் விடும் பகுதி இது, எனக்கோ மிகவும் பிடித்த பகுதி. புனித ஜார்ஜ் கோட்டையில் 234 உறுப்பினர்களுள் ஒருவராக அமர்ந்து அவர் என்ன கேட்டார் என்பது பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் சொல்லுக்குச் சொல் பதிவாகியிருக்கிறது. அண்மைக் காலக் கேள்வி நேரத்தைக் காணொளியாகவும் பார்க்கலாம். 2022 ஜனவரியில் அதன் நேரலை தொடங்கியது. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் எழுந்து விடை சொல்வார், உறுப்பினர் துணைக் கேள்வி கேட்பார். நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது அந்தத் துணைக் கேள்வியைத்தான். முதன்மை வினாவை உதவியாளர் எழுதித் தந்திருக்கலாம், துணைக் கேள்விக்கோ தெருவைத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதங்களில் தொகுதிக் கோரிக்கைகளை ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு அமர்வது வழக்கம் என்பதால், அந்தப் பட்டியலை முழுமையாக எழுதிக்கொண்டு அடுத்த ஆண்டின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அதே கோரிக்கை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து வந்திருந்தால் அது விடாமுயற்சி. ஒரு முறை வந்து காணாமல் போயிருந்தால், நிறைவேறியதா கைவிடப்பட்டதா என்று தேட வேண்டும்.

அமைச்சரின் விடையைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். "ஆவன செய்யப்படும்", "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்", "இந்த ஆண்டே பணி தொடங்கப்படும்" என்ற மூன்றும் ஒரே எடையுள்ளவை அல்ல. மூன்றாவது விடையைப் போன்றது அவையில் அளிக்கப்பட்ட உறுதிமொழி. அப்படிப்பட்டவை நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது. உங்கள் உறுப்பினர் பெற்ற உறுதிமொழிகளைத் தனியே எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் இன்றைய நிலையைக் குறித்தால், அந்த ஒரு பக்கம் மட்டுமே முழுக் குறிப்பேட்டின் பாதி மதிப்பைப் பெறும். 2022 ஆகஸ்டில், தொகுதியில் நீண்டகாலமாக நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளை அனுப்புமாறு அனைத்து உறுப்பினர்களுக்கும் முதலமைச்சர் கடிதம் எழுதினார். அந்தப் பத்தில் உங்கள் தொகுதி எவற்றைக் கேட்டது என்பதையும் உறுப்பினரின் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். எதை முதலில் வைத்தார் என்பதே ஒரு மனிதரின் முன்னுரிமையைச் சொல்லிவிடும்.

எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரையும் எடைபோட வேண்டாம். அமைச்சராக இருப்பவர் வினா எழுப்ப மாட்டார், விடைதான் சொல்வார். பேரவைத் தலைவர் அவையை நடத்துவார், விவாதத்தில் பேச மாட்டார். இராயபுரம் உறுப்பினர் டி. ஜெயக்குமார் 2011–12 இல் பேரவைத் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில் அவருடைய தொகுதிக் கேள்விகளைத் தேடுவது பொருளற்றது. கொளத்தூரில் 2011 முதல் மு.க. ஸ்டாலின் தொடர்ந்து மூன்று முறை வென்றபோது, முதலில் எதிர்வரிசை உறுப்பினராகவும், 2016 க்குப் பிறகு எதிர்க்கட்சித் தலைவராகவும், 2021 இல் முதலமைச்சராகவும் இருந்தார். ஒரே மனிதர், ஒரே தொகுதி, ஆனால் மூன்று காலங்களிலும் பணியின் தன்மை வேறு. ஆர்.கே. நகரில் ஜெ. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்த பின், அடுத்த உறுப்பினர் 2017 டிசம்பரில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். இடையே ஓராண்டுக்கு மேல் தொகுதிக்கு உறுப்பினரே இல்லை. அப்படிப்பட்ட இடைவெளியில் நடந்த பணிகளைத் தனித் தலைப்பில் எழுதுங்கள்.

தொகுதி நிதி

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 2.5 கோடி ரூபாயாக இருந்து, 2019 இல் 3 கோடியாக உயர்த்தப்பட்டது. இந்தப் பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை என்பதை நம்மில் பலர் இன்னும் நம்ப மறுக்கிறார்கள். அவர் பரிந்துரைப்பார், சென்னையில் மாநகராட்சி ஆணையர் நிர்வாக அனுமதி அளிப்பார், உரிய துறை பணியைச் செய்யும். மாதவரம் போன்ற தொகுதியின் ஒரு பகுதி மாநகராட்சிக்கு வெளியே திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால், அங்கே மாவட்ட ஆட்சியரின் அலுவலகத்தையும் நாட வேண்டியிருக்கும்.

இந்தப் பட்டியலைப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 போதும். வெள்ளைத் தாளில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மனுவின் வாசகம்தான் முக்கியம். "எங்கள் தொகுதிக்கு ஏன் எதுவும் செய்யவில்லை" என்று கேட்டால் விடை வராது, ஏனெனில் அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத்தான் அவர்கள் தர முடியும். நாங்கள் இப்படி எழுதினோம்: "மேற்படி தொகுதியில், குறிப்பிட்ட நிதியாண்டுகளில், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியின் கீழ்ப் பரிந்துரைக்கப்பட்ட ஒவ்வொரு பணியின் பெயர், இடம், நிர்வாக அனுமதி நாள், மதிப்பீட்டுத் தொகை, செலவான தொகை, பணி முடிவுற்ற நாள், பணியைச் செய்த துறை ஆகிய விவரங்கள் அடங்கிய பட்டியலின் நகலை வழங்கவும்." நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதாலும், தேர்தல் முடிவு பெரும்பாலும் மே மாதத்தில் வருவதாலும், ஐந்தாண்டுப் பதவிக்காலம் 6 நிதியாண்டுகளைத் தொடும். ஆறையும் கேளுங்கள். 30 நாளில் விடை வராவிட்டால் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகலாம். எங்களுக்கு ஒருமுறை, கேட்டது ஒன்றும் வந்தது வேறொன்றுமாக ஒரு கட்டுக் காகிதம் வந்தது. கோபப்படாமல் மேல்முறையீடு செய்தோம், இரண்டாம் முறை தெளிவான பட்டியல் வந்தது.

பட்டியல் கையில் கிடைத்ததும் ஒவ்வோர் இடத்துக்கும் நடந்து போங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. ஒரு பேருந்து நிழற்குடையை நான் எங்கள் வரைவில் ஒருவரின் பணியாக எழுதியிருந்தேன், ஏனென்றால் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நேரில் போனபோது கல்வெட்டின் மேல் சுவரொட்டிகள் ஏழெட்டு அடுக்காக ஒட்டிக் கிடந்தன. பக்கத்து டீக்கடையில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, துணியை நனைத்து வைத்து, பசை ஊறும் வரை அரை மணி நேரம் காத்திருந்து மெல்ல உரித்தோம். முதலில் மதிப்பீட்டுத் தொகை தெரிந்தது, பிறகு ஆண்டு, கடைசியாகப் பெயர். அது அவருக்கு முன்பிருந்தவரின் காலத்துப் பணி. புதிய உறுப்பினர் கூரையை மாற்றி வண்ணம் பூசச் செய்திருந்தார். இப்போது இருவர் பெயரும் எங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன, யார் எதைச் செய்தார் என்ற வரியோடு.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் அட்டவணையில் "பரிந்துரைத்தவர்" என்றும் "திறப்பு நாளில் பதவியில் இருந்தவர்" என்றும் இரண்டு பத்திகளை வைத்தோம். ஐந்தாம் ஆண்டின் இறுதியில், தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வருமுன் அடிக்கல் நாட்டப்படும் பணிகள் பல, அடுத்தவர் காலத்தில்தான் முடிகின்றன. ஒரே பத்தி வைத்தால் இருவரில் ஒருவருக்கு அநீதி நேரும். கட்டடம் பயன்பாட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பூட்டிய சமுதாயக் கூடத்தைப் பூட்டியது என்றே எழுதி, பார்த்த நாளையும் குறியுங்கள்.

மக்களிடம் கேட்பது

நிதியிலும் அவைக் குறிப்பிலும் வராத தொண்டு நிறைய உண்டு. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இடுப்பளவு நீரில் யார் வந்தார்கள் என்பது ஆவணத்தில் இருக்காது. அந்தப் புயலை அடுத்து எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது மீனவர்களோடு நின்று இழப்பீட்டுக்காகப் பேசியவர் யார் என்பதும் அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கேட்கும் முறை ஒன்று உண்டு, அதைக் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் நான் கற்றுக்கொண்டேன். "எம்.எல்.ஏ. உங்கள் பகுதிக்கு என்ன செய்தார்?" என்று கேட்டதற்கு அவர் கூடையில் இருந்த சங்கராவைத் திருப்பி அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அப்டி கேட்டா இன்னா சொல்றது கண்ணு? அந்த லைட்டு எப்போ வந்துச்சின்னு கேளு, சொல்றேன். எம் பெரிய பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சே, அந்த ஆடி மாசம்." அவர் சொன்ன ஆண்டும் தகவல் உரிமை விடையில் இருந்த ஆண்டும் பொருந்தின. அன்றிலிருந்து நாங்கள் ஆளைப் பற்றிக் கேட்பதில்லை, பொருளைப் பற்றிக் கேட்கிறோம்: குழாய் எப்போது வந்தது, அதற்கு முன் எங்கே தண்ணீர் பிடித்தீர்கள், மனு கொடுத்தீர்களா, யாரோடு போனீர்கள். பெயர் தானாக வரும். கட்சி பார்த்துப் பேசுகிறவர்கூடத் தன் வீட்டுக் கல்யாண ஆண்டை மாற்றிச் சொல்ல மாட்டார்.

நிவாரணப் பொருள்களைப் பற்றி எழுதும்போது, அரசு கொடுத்தது, கட்சி கொடுத்தது, உறுப்பினர் தம் கைப்பணத்தில் கொடுத்தது என்ற மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். பெற்றவர்களின் பெயரையும் படத்தையும் எழுத வேண்டாம், தெருவும் ஆண்டும் போதும். உதவி பெற்றதை ஊரறியச் செய்வது பலருக்கு மனவருத்தம் தரும். மருத்துவ முகாம் நடந்தது என்றால் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், முகாமில் நோய் கண்டறியப்பட்டவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற உறுப்பினரின் அலுவலகம் தொடர்ந்து உதவியதா என்று விசாரியுங்கள். ஒரு நாள் முகாமை யாரும் நடத்தலாம். மூன்றாம் மாதம் மறுபரிசோதனைக்கு நினைவூட்டித் தொலைபேசியில் அழைத்த அலுவலகத்தை நான் தனியே பாராட்டி எழுதியிருக்கிறேன்.

பழைய செய்திகளுக்கு எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகத்தின் நாளிதழ்த் தொகுப்பு உதவும். ஒரே நிகழ்ச்சியை இரண்டு வெவ்வேறு சார்புள்ள நாளிதழ்களிலாவது படித்த பிறகே குறியுங்கள். தேதி முரண்பட்டால் இரண்டையும் எழுதிவையுங்கள்.

எழுதி முடித்த வரைவை வெளியிடுமுன் உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு படி கொடுத்து, 15 நாள் அவகாசம் தாருங்கள். நேரில் போகும்போது கூட்டமாகப் போகாமல், இருவர் மட்டும், முன்கூட்டியே நேரம் கேட்டுப் போங்கள். "ஐயா, உங்கள் பணியைப் பற்றி நாங்கள் தொகுத்திருக்கிறோம், விடுபட்டதையும் தவறானதையும் சான்றோடு சொன்னால் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் பெரும்பாலும் நல்ல வரவேற்பே கிடைக்கும். உறுப்பினர் பெண்ணாக இருந்தால் "அம்மா" என்றழைப்பதும், அவர் மாற்றுக் கட்சியினராக இருந்தாலும் அதே மரியாதையோடு பேசுவதும் நம் பக்கத்து வழக்கம்தானே. அவர் சான்று தந்தால் திருத்துங்கள். சான்றில்லாமல் நீக்கச் சொன்னால், அவருடைய மறுப்பை அவர் சொற்களிலேயே அந்த வரியின் கீழ் எழுதுங்கள், வரியை நீக்காதீர்கள். முன்னாள் உறுப்பினருக்கும் ஒரு படி அனுப்ப மறக்க வேண்டாம்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பணிக்குப் பின்னும் அரைப் பக்கம் வெற்றாக விடுங்கள். எங்கள் படி ஒன்று கிளை நூலகத்தில் இருக்கிறது. போன மாதம் பார்த்தபோது, அந்த நிழற்குடையின் பக்கத்தில் யாரோ பென்சிலால், "விளக்கு எரியவில்லை, இரண்டு வாரமாகிறது" என்று எழுதி, தேதியும் போட்டிருந்தார்கள். கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போகும் மனுவில் அந்தத் தேதியைத்தான் முதல் வரியில் எழுதினோம்.